வலியறிதல்

உரைநடை உலகம்

நுழையும்முன்

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்பது பழமொழி. பிறர் வலியை நாம் காண இயலாது. கேட்டுத்தான் அறிய இயலும். சில நாள்களில் தீர்ந்துவிடும் வலியை எல்லாரும் பொறுத்துக்கொள்கிறோம். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீங்கா வலியோடு வாழ்பவர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவ்வலியில் உடலுக்கும் மனத்துக்கும் உள்ள பங்கு யாது? அதனைத் தாங்கி வாழ்வதற்கு எவை துணைசெய்கின்றன? தாமிரபரணிக் கரையில் உழைக்கும் பெண்களின் வாழ்க்கையை முன்வைத்து இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

பீடித்தட்டின் முன் ஒரு நாள்

முக்கூடல், ஆலங்குளம், கடையம், வீரவநல்லூர், மேலப்பாளையம் எனத் திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் பல ஊர்களில், பிற்பகல் நேரத்தில் தெருவில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். திண்ணையிலும் நடைவாசலிலும் பெண்கள் வரிசையாக அமர்ந்திருப்பர். மடியில் பீடித்தட்டு, அதில் ஒருபுறம் நனைத்து வெட்டிய இலை, மறுபுறம் புகையிலைத்தூள். இலையில் தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, முனையை மடக்கிவிட்டால் ஒரு பீடி. 25 பீடிகள் சேர்ந்தால் ஒரு கட்டு. 40 கட்டுகள் சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. ஆகவே ஆயிரம் நிறையும்வரை குனிந்த தலை நிமிர்வதில்லை.

அப்படிப்பட்ட வீடு ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அவ்வீட்டின் தாய் பதினைந்து வயதில் பீடி சுற்றத் தொடங்கியவர். இப்போது நாற்பத்தைந்து வயது. பிடரியில் தொடங்கும் வலி தோள்பட்டை வழியாக விரல்வரை இறங்குகிறது. இரவில் திரும்பிப் படுக்க இயலவில்லை. மகள் பதினோராம் வகுப்பு மாணவி. மறுநாள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏ பிள்ள, குறுக்கு ஒடியுதுட்டீ" என்கிறார் தாய்.

"தெனமும் இதேதான சொல்லுத" என்கிறாள் மகள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மகளிடம் அன்பு இல்லாமல் இல்லை. நாள்தோறும் கேட்ட சொல் செவிக்குப் பழகிப்போயிற்று, அவ்வளவே. மருத்துவரிடம் சென்றபோதும் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்ற விடையே கிடைத்தது. "எல்லாம் மனசுதான்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அன்றுமுதல் அத்தாய் தம் வலியைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். வலியோ குறையவில்லை.

'எல்லாம் மனசுதான்' என்ற அந்தச் சொல் சரியா? இப்பாடத்தின் மையமான வினா இதுவே.

சொல்லில் கலந்த உடலும் மனமும்

வலியைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, பிடிப்பு, உளைச்சல், மதமதப்பு எனப் பட்டியல் நீளும். விண்விண்ணென்று தெறிப்பது வேறு. மந்தமாக உளைவது வேறு. நெல்லை வட்டாரத்தில் இடுப்பின் பின்புறத்தைக் குறுக்கு என்பர். 'குறுக்கு வலி' என்றாலே வலியின் இடம் விளங்கிவிடும்.

இச்சொற்களுள் சில உடலுக்கும் மனத்துக்கும் பொதுவானவை. கைகால் உளைச்சல் என்கிறோம். மன உளைச்சல் என்றும் சொல்கிறோம். உடல் நோகிறது, மனமும் நோகிறது. சங்க அகப்பாடல்களில் 'நோய்' என்னும் சொல் பெரும்பாலும் பிரிவினால் வரும் துயரையே குறிக்கிறது. மனத்தில் தோன்றும் உணர்வு உடலில் புலப்படுவதை 'மெய்ப்பாடு' எனப் பெயரிட்டு, அதற்கெனத் தனி இயலையே தொல்காப்பியம் வகுத்துள்ளது. உடலையும் மனத்தையும் வேறுவேறு அறைகளில் பூட்டி வைக்கும் வழக்கம் நம் மொழிக்கு இல்லை எனலாம்.

வலியின் தன்மையை அறியச் சொற்களே சிறந்த கருவி என்பதை அறிவியலும் ஏற்றுக்கொண்டது. கனடா நாட்டு மெக்கில் பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிஞர் ரொனால்டு மெல்சாக், நோயாளிகள் தம் வலியை விவரிக்கப் பயன்படுத்தும் சொற்களைத் தொகுத்தார். 78 சொற்களை 20 தொகுதிகளாகப் பிரித்து, 1975ஆம் ஆண்டு வினாநிரல் ஒன்றை வெளியிட்டார். அதில் குத்துவது, எரிவது போன்ற புலனுணர்ச்சிச் சொற்களோடு, அச்சுறுத்துவது, சோர்வடையச் செய்வது போன்ற மனவுணர்ச்சிச் சொற்களும் இடம்பெற்றன. வலி 'எவ்வளவு' என்பதோடு 'எத்தகையது' என்பதையும் கேட்க வேண்டும் என்பதே அவர் காட்டிய வழி.

இருவகை வலி

அடுப்பில் கை பட்டவுடன் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோம். முள் தைத்தால் காலைத் தூக்குகிறோம். இவ்வலி உடலின் காவலாளி. இது உடனடி வலி. காயம் ஆறியதும் நீங்கிவிடும்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியையோ, விட்டுவிட்டுத் திரும்ப வரும் வலியையோ நாள்பட்ட வலி என மருத்துவ உலகம் வரையறுக்கிறது. 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு அமைப்பின் நோய் வகைப்பாட்டில் நாள்பட்ட வலிக்குத் தனி இடம் தரப்பட்டுள்ளது. சில நிலைகளில், வேறொரு நோயின் அறிகுறியாக மட்டும் கருதாமல், வலியையே ஒரு நோயாகக் கருத வேண்டும் என்பது அதன் பொருள். இங்கே காவலாளி, திருடன் போன பின்னும் கூச்சலிட்டுக்கொண்டே இருக்கிறான். தொடர்ந்து தூண்டப்பட்ட நரம்பு மண்டலம் சிறு தொடுகைக்கும் பெரிதாக எதிர்வினை காட்டப் பழகிவிடுகிறது. ஆகவேதான் ஊடுகதிர்ப் படத்தில் எலும்பு நன்றாகத் தெரிந்தாலும் வலி இருக்கக்கூடும்.

உலக வலி ஆய்வுக் கழகம் 2020ஆம் ஆண்டு தன் வரையறையைத் திருத்தி வெளியிட்டது. வலி என்பது புலனுணர்ச்சியும் மனவுணர்ச்சியும் சேர்ந்த துன்ப அனுபவம் என்று அது கூறுகிறது. வலி ஒவ்வொருவருக்கும் உரிய தனி அனுபவம். ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அச்சொல்லை மதிக்க வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது.

மணிக்கயிறும் மடையும்

உடலில் அடிபட்டால் எவ்வளவு அடியோ அவ்வளவு வலி என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பிரெஞ்சு அறிஞர் ரெனே டெகார்ட்டின் நூல் ஒன்று அவர் மறைவுக்குப் பின் 1664ஆம் ஆண்டு வெளிவந்தது. காலில் நெருப்புப் பட்டால், கயிற்றை இழுத்தவுடன் மறுமுனையில் மணி ஒலிப்பதுபோல, மூளையில் வலி தோன்றுகிறது என்று அதில் அவர் விளக்கினார். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு ஓசை. இடையில் வேறு எதற்கும் இடமில்லை.

இக்கருத்தை 1965ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வுக்கட்டுரை மாற்றியது. மெல்சாக்கும் ஆங்கிலேய உடலியல் அறிஞர் பேட்ரிக் வாலும் இணைந்து எழுதிய அக்கட்டுரையின் கருத்து 'வாயில் கோட்பாடு' எனப்படுகிறது. தாமிரபரணிப் பாசனத்தைக் கொண்டு இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

தாமிரபரணியின் குறுக்கே பழமையான எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றிலிருந்து கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் முதலிய கால்வாய்கள் பிரிகின்றன. ஆற்றில் வரும் நீர் முழுவதும் வயலுக்குச் செல்வதில்லை. மடை எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவே செல்லும். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அந்த இடத்தின் நிலைமையை மட்டும் பொறுத்ததன்று. மேலிருந்து வரும் ஆணையையும் பொறுத்தது.

நம் தண்டுவடத்திலும் அத்தகைய மடை உள்ளது. உடலின் பகுதிகளிலிருந்து வரும் வலிச்செய்தி அங்கே கட்டுப்படுத்தப்பட்டே மூளைக்குச் செல்கிறது. முழங்காலில் அடிபட்டவுடன் அவ்விடத்தைத் தேய்த்துவிடுகிறோம் அல்லவா? தொடுகையுணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் மடையைச் சற்று அடைப்பதால் வலி தணிகிறது. மூளையிலிருந்து கீழிறங்கும் ஆணைகளும் மடையை இயக்குகின்றன. அச்சம், கவலை, தூக்கமின்மை, தனிமை ஆகியன மடையைத் திறக்கின்றன. நம்பிக்கை, மனஅமைதி, ஈடுபாடு, நல்ல துணை ஆகியன அதனை அடைக்கின்றன. இக்கோட்பாட்டின் நுட்பங்கள் பிற்காலத்தில் திருத்தப்பட்டன. எனினும், வலியை உணர்வதில் மூளைக்கும் மனத்துக்கும் பங்குண்டு என்ற அதன் அடிப்படை நிலைத்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரரின் சொல்லுக்கு இப்போது விடை கூறலாம். மடை திறந்திருப்பதால் வயலில் நீர் மிகுகிறது என்றால், அந்நீர் பொய்யென்று ஆகிவிடாது. வலியில் மனத்துக்குப் பங்குண்டு என்பது உண்மை. ஆகவே வலி கற்பனை என்பது பிழை.

தெரியுமா?

தமிழ்நாட்டில் 1951ஆம் ஆண்டு பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன். கையை இழந்தவர்கள் சிலர் இல்லாத கையில் கடும் வலியை உணர்வதுண்டு. இல்லாத விரல்கள் இறுக மூடி உள்ளங்கையில் நகம் பதிவதுபோல அவர்கள் துன்புறுவர். ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இழந்த கையின் இடத்தில் காணும்படி அவர் செய்தார். கண்ணாடியைப் பார்த்தபடி கையை விரித்தபோது, இழந்த கையும் விரிந்ததாகச் சிலர் உணர்ந்தனர். அவர்களது வலியும் தணிந்தது. வலியை உருவாக்குவதில் மூளையின் பங்கை 1990களில் நடந்த இவ்வாய்வு உலகுக்குக் காட்டியது.

வலிக்கு நாம் தரும் பொருள்

இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் வியப்பான ஒன்றைக் கண்டார். கடுமையாகக் காயமுற்ற வீரர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வலிநீக்கும் மருந்து வேண்டும் என்று கேட்கவில்லை. போருக்குப்பின் அறுவை மருத்துவம் செய்துகொண்ட பொதுமக்களை அவர் ஆராய்ந்தார். அவர்களுள் பெரும்பாலோர் மருந்து கேட்டனர். வீரனுக்குக் காயம் என்பது, உயிர் பிழைத்தோம், இனி வீடு திரும்பலாம் என்பதன் அடையாளம். பொதுமக்களுக்கோ அறுவை என்பது இயல்பு வாழ்க்கை குலைந்ததன் அடையாளம். ஒருவர் தம் காயத்துக்கு என்ன பொருள் தருகிறாரோ அதுவும் வலியின் அளவைத் தீர்மானிக்கிறது என்று பீச்சர் கருதினார்.

நம்பிக்கைக்கும் உடலில் வேதியியல் உண்டு. மூளையே வலிநீக்கும் பொருள்களைச் சுரக்கிறது என்பது 1975ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குப்பின், கடைவாய்ப்பல் பிடுங்கப்பட்டவர்களிடம் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. மருந்தே இல்லாத ஒன்றை மருந்தென்று நம்பி ஏற்றவர்கள் சிலருக்கு வலி குறைந்தது. உடல் சுரக்கும் வலிநீக்கியின் செயலைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியதும் வலி மீண்டது. அவர்கள் வலி குறைந்ததாக நடிக்கவில்லை. நம்பிக்கை உடலின் மருந்துப் பேழையைத் திறந்துவிட்டது என்பதே அவ்வாய்வு காட்டிய உண்மை.

அச்சச் சுழல்

'தண்டுவடமே தேய்ந்துபோயிற்று, இனி எழவே மாட்டேன்' என்று ஒருவர் எண்ணுவதாகக் கொள்வோம். வலியைப் பேரிடராக எண்ணும் அவ்வெண்ணம் அச்சத்தைத் தருகிறது. அச்சத்தால் அவர் குனிவதில்லை, நடப்பதில்லை, ஆற்றுக்குக் குளிக்கச் செல்வதில்லை, உறவினர் வீட்டு விழாவுக்கும் போவதில்லை. அசையாத தசை மெல்ல மெல்ல வலுவிழக்கிறது. வலுவிழந்த தசை சிறு வேலைக்கும் வலிக்கிறது. 'நான் நினைத்தது சரிதான்' என்று அச்சம் மேலும் வேரூன்றுகிறது. உளவியலறிஞர்கள் விளாயென், லின்டன் ஆகிய இருவரும் இச்சுழலை 2000ஆம் ஆண்டு விரிவாக விளக்கினர்.

இதற்கு நேர்மாறான சுழலும் உண்டு. பீடி சுற்றுவோரிடமும், பத்தமடையில் தறிமுன் குனிந்து கோரைப்பாய் நெய்வோரிடமும், நடவு நடுவோரிடமும் இதுவே மிகுதி எனலாம். வலி சற்றுக் குறைந்த நாளில், விட்டுப்போன வேலையையும் சேர்த்து முடித்துவிட முனைகின்றனர். அன்று இரவு வலி முற்றுகிறது, அடுத்த இரு நாள்கள் படுக்கை, கணக்குக் குறைகிறது, கணக்கை ஈடுசெய்ய மீண்டும் மிகையான உழைப்பு. அச்சத்தால் முடங்குவதும், அவசரத்தால் மிஞ்சிச் செய்வதும் ஒரே இடத்துக்கே கொண்டுசேர்க்கின்றன.

அழுகையின் நான்கு காரணங்கள்

இலண்டனில் புனித கிறிஸ்தோபர் நோய்த்தணிப்பு இல்லத்தை 1967ஆம் ஆண்டு நிறுவியவர் மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ். 'முழுமை வலி' என்ற கருத்தை அவர் வழங்கினார். உடல்வலியோடு மனவலி, சமூகவலி, வாழ்வின் பொருள் பற்றிய ஆன்மவலி ஆகியவையும் ஒன்றுகலந்தே ஒருவரை வருத்துகின்றன என்பது அக்கருத்து. இது புற்றுநோயாளிகளிடம் அவர் கற்ற பாடம்.

தமிழ் மாணவர்க்கு இக்கருத்து முற்றிலும் புதிதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணங்களைக் கூறுகிறது. இளிவு என்பது பிறரால் இகழப்படுதல். இழவு என்பது உரியதை இழத்தல். அசைவு என்பது முன்னைய நிலை கெட்டுத் தளர்தல். நான்காவது வறுமை. இந்நான்கையும் நாம் கண்ட தாயின் வாழ்வில் பொருத்திப் பார்க்கலாம். வலிக்கிறது என்று சொன்னதைப் பிறர் நம்பாமை இளிவு. கோவில் கொடைக்கும் ஆற்றுக்குளியலுக்கும் தோழியரோடு செல்லும் மகிழ்ச்சி போனது இழவு. குடம் நீரைத் தூக்கிய இடுப்பு இன்று செம்பு நீருக்கு வலிப்பது அசைவு. கட்டு குறைந்தால் கூலி குறைவது வறுமை. மருந்து இவற்றுள் எதனையும் நேரடியாகத் தீர்ப்பதில்லை. நான்கும் சேர்ந்தே அவருடைய மடையைத் திறந்து வைத்திருக்கின்றன.

தாங்கும் வழிகள்

நாள்பட்ட வலியை முற்றிலும் நீக்குவது எல்லார்க்கும் இயல்வதன்று. ஆனால் வலி வாழ்வை ஆளாதவாறு செய்ய இயலும். அதற்கு உளவியல் காட்டும் வழிகள் எளியவை, பழக்கத்தால் கைகூடுபவை.

முதலாவது, அளந்து செய்தல். வலி வந்தபின் நிறுத்துவதைவிட, வருமுன் நிறுத்துவது நன்று. நான்கு கட்டு முடிந்ததும் எழுந்து, முற்றம்வரை நடந்து, தோளைச் சுழற்றிவிட்டு மீண்டும் அமரலாம். ஆயிரம் பீடிக்கு இவ்வாறு பத்துமுறை எழ நேரும். இழக்கும் நேரம் சிறிது. மறுநாளும் உழைக்க முடிவது பெரிது.

இரண்டாவது, மெல்லக் கூட்டுதல். அச்சத்தால் விட்டவற்றைச் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்க வேண்டும். இன்று தெருமுனைவரை நடந்தவர் அடுத்த வாரம் கடைத்தெருவரை நடக்கலாம். நடந்தும் ஒன்றும் கெடவில்லை என்று உடல் கற்றுக்கொள்ளும்போது அச்சம் தளர்கிறது.

மூன்றாவது, எண்ணத்தைச் சோதித்தல். 'இனி எழவே மாட்டேன்' என்ற எண்ணம் வரும்போது, 'நேற்றும் இப்படித்தான் எண்ணினேன். இன்று எழுந்தேனே' என்று தமக்குத்தாமே விடை கூறுதல். அறிவாற்றல் நடத்தை மருத்துவம் என்னும் உளவியல் முறையின் அடிப்படை இதுவே. 75 ஆய்வுகளைத் தொகுத்து 2020ஆம் ஆண்டு வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, இம்முறையால் வலியும் இயலாமையும் மனத்துயரும் சிறிதளவு குறைவதாகக் காட்டியது. சிறிதளவு என்பதை மறைக்கத் தேவையில்லை. நாள்தோறும் வலியோடு வாழ்பவர்க்குச் சிறிதளவும் பயனே.

நான்காவது, கவனத்தை மாற்றுதலும் கூடியிருத்தலும். நடவுப் பெண்கள் பாடிக்கொண்டே நட்டதும், பீடி சுற்றும் பெண்கள் ஒரே திண்ணையில் கூடுவதும், திருநெல்வேலி வானொலியைக் கேட்டபடி கை ஓட்டுவதும் பொழுதுபோக்குக்காக மட்டும் அல்ல. பாட்டிலும் பேச்சிலும் மனம் ஈடுபடும்போது வலிக்குக் கிடைக்கும் கவனம் குறைகிறது. வலி வந்தவர் முதலில் இழப்பது இக்கூட்டத்தையே. ஆகவே வேலை செய்ய இயலாத நாளிலும் திண்ணையில் சென்று அமர்வது நல்லது.

ஐந்தாவது, உறக்கம். வலி உறக்கத்தைக் கெடுக்கிறது. கெட்ட உறக்கம் மறுநாள் வலியைக் கூட்டுகிறது. உறங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்துதலும், மெல்ல மூச்சை இழுத்துவிட்டு உடலைத் தளர்த்துதலும் துணைசெய்யும்.

மனம் மட்டும் போதுமா?

இவ்வழிகளைக் கூறும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. 'மனத்தை மாற்றிக்கொள், வலி போய்விடும்' என்று உழைப்பவரிடம் சொல்லிவிட்டு விலகுவது அறமாகாது. எழுந்து நடக்க நேரம் வேண்டுமெனில், அந்நேரத்தைத் தாங்கும் கூலி வேண்டும். நிமிர்ந்து அமர இருக்கை வேண்டும். வெளிச்சமும் காற்றும் வேண்டும். புகையிலை அதனைப் புகைப்பவருக்கு மட்டுமன்றி, நாளெல்லாம் அதன் தூளைச் சுவாசிப்பவருக்கும் கேடு தருவது.

பீடி, சுருட்டுத் தொழிலாளர்களின் பணிநிலை பற்றிய சட்டம் 1966ஆம் ஆண்டும், பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம் 1976ஆம் ஆண்டும் இயற்றப்பட்டன. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென மருத்துவமனை அமைந்தது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீடு தேடி வருகின்றன. கவலைக்குக் காரணமான கடனும் கூலிக்குறைவும் தீரும்போது மடையின் ஒரு பகுதி தானே அடைபடும். ஆகவே நியாயமான கூலியும் வலிக்கு மருந்தே.

நினைவிற்கொள்க

நாள்பட்ட வலியைத் தாங்கப் பழகுவது என்பது மருத்துவரைத் தவிர்ப்பது ஆகாது. கைகால் திடீரென வலுவிழத்தல், சிறுநீர் மலத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, வலியோடு காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், விபத்துக்குப் பின் வரும் வலி ஆகியவை தோன்றினால் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வலிநீக்கும் மாத்திரைகளை மருத்துவர் அறிவுரையின்றி நாள்தோறும் உட்கொள்வது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் தீங்கு விளைவிக்கும்.

கேட்கும் செவி

மீண்டும் அவ்வீட்டுக்கு வருவோம். மகளால் கூலியை உயர்த்த இயலாது. மருத்துவமும் அவளுக்குத் தெரியாது. அவளால் செய்யக்கூடியது என்ன?

அன்று இரவு அவள் புத்தகத்தை மூடிவிட்டு, "எங்கம்மா வலிக்கி? குத்துதா, உளையுதா?" என்று கேட்கலாம். தாய் சற்றுத் திகைத்துப்போவார். இதுவரை எவரும் அவ்வாறு கேட்டதில்லை. பிறகு, பிடரியில் உளைவதையும், விரலில் எரிவதையும், விடியலில் கை மதமதத்துப் போவதையும் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குவார். அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது, அச்சொற்களை ஒரு தாளில் எழுதி மகளே உடன் எடுத்துச் செல்லலாம். நான்கு கட்டுக்கு ஒருமுறை "எந்திரிம்மா" என்று நினைவூட்டலாம். அவர் நடந்துவரும்போது உடன் நடக்கலாம். எல்லா வேலையையும் தானே வாங்கிச் செய்து அவரை முடக்குவதும் வேண்டா. வலிக்கவில்லை என்று அவர் நடிக்கும்படி விடுவதும் வேண்டா.

திருக்குறளின் 48ஆம் அதிகாரத்தின் பெயர் 'வலியறிதல்'. அங்கே வலி என்பது வலிமை. செயலின் வலிமை, தன் வலிமை, பகைவர் வலிமை, துணைவர் வலிமை ஆகியவற்றை எடைபோட்ட பின்பே செயலில் இறங்க வேண்டும் என்பது அதன் பொருள். நோவையும் வலிமையையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழி நம்முடையது. நோவைச் சரியாக அறிந்தவர்க்கே தம்மால் எவ்வளவு இயலும் என்பதும் தெரியவரும். அவ்வெடைபோடுதலில் துணைவலியும் ஒன்று என்பதை மறக்கலாகாது. நம் வீட்டில் வலியோடு வாழ்பவருக்கு அத்துணை நாமாக இருக்க முடியும்.

அருஞ்சொற்பொருள்

மடை – பாசனநீரைத் திறந்து அடைக்கும் வாயில்
பிடரி – கழுத்தின் பின்புறம்
குறுக்கு – இடுப்பின் பின்புறம் (நெல்லை வழக்கு)
மதமதப்பு – உணர்வு மங்கிய நிலை
மெய்ப்பாடு – மனவுணர்வு உடலில் புலப்படுதல்
இளிவு – இகழப்படுதல்
அசைவு – முன்னைய நிலை கெட்டுத் தளர்தல்

இலக்கணக் குறிப்பு

விண்விண் – இரட்டைக்கிளவி
மெல்ல மெல்ல – அடுக்குத்தொடர்
கைகால் – உம்மைத்தொகை
நீங்கா வலி – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ தெருவிலோ நெடுநாள் வலியோடு வாழும் ஒருவரிடம், அவர் இசைவு பெற்று உரையாடுக. அவர் தம் வலியைக் குறிக்கப் பயன்படுத்தும் சொற்களைத் தொகுத்து, உடலைக் குறிப்பவை, மனத்தைக் குறிப்பவை, இரண்டுக்கும் பொதுவானவை என வகைப்படுத்துக. அவர் பெயரைக் குறிப்பிட வேண்டா.
2. உங்கள் பகுதியில் நெடுநேரம் குனிந்தோ நின்றோ செய்யப்படும் தொழில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அத்தொழிலில் 'அளந்து செய்தல்' எவ்வாறு இயலும், எவை தடையாகும் என்று வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. வாயில் கோட்பாடு வெளியிடப்பட்ட ஆண்டு
அ) 1664  ஆ) 1965  இ) 1975  ஈ) 2020

2. அழுகைக்குத் தொல்காப்பியம் கூறும் காரணங்களுள் இடம்பெறாதது
அ) இளிவு  ஆ) இழவு  இ) அச்சம்  ஈ) வறுமை

3. பொருத்துக.
க) சிசிலி சாண்டர்ஸ் – 1) கண்ணாடிப் பெட்டி
ங) இராமச்சந்திரன் – 2) மணிக்கயிறு
ச) டெகார்ட் – 3) முழுமை வலி
அ) 3, 1, 2  ஆ) 1, 3, 2  இ) 2, 1, 3  ஈ) 3, 2, 1

குறுவினா

1. உடனடி வலிக்கும் நாள்பட்ட வலிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. உடலுக்கும் மனத்துக்கும் பொதுவாக வழங்கும் வலிச்சொற்கள் இரண்டினைத் தொடரில் அமைத்து எழுதுக.

சிறுவினா

1. தாமிரபரணிப் பாசன மடையைக் கொண்டு வாயில் கோட்பாட்டை விளக்குக.
2. அச்சத்தால் முடங்குவதும் அவசரத்தால் மிஞ்சிச் செய்வதும் ஒரே விளைவைத் தருவது எவ்வாறு?

நெடுவினா

1. 'வலியில் மனத்துக்குப் பங்குண்டு என்பது உண்மை. ஆகவே வலி கற்பனை என்பது பிழை' – இக்கூற்றைப் பாடப்பகுதியின் சான்றுகளோடு நிறுவுக.
2. நாள்பட்ட வலியைத் தாங்குவதில் தனிமனிதர், குடும்பம், அரசு ஆகியோரின் பங்கினைத் தொகுத்து எழுதுக.